ஐந்தாவது செய்தியைப் பிள்ளைகளிடம் விடுங்கள்

அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன வருடம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. தென்காசி மாவட்டத்தில், புளியங்குடிக்குப் பக்கத்து ஊரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், பழமொழி எல்லாம் முடிந்து, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "இன்றைய செய்திகள்" வாசித்தாள். ஐந்து செய்தி. நான்காவது, ரெப்போ வட்டி விகிதத்தைப் பற்றியது, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி. மூச்சு முட்ட வாசித்து முடித்து, தாளை மடித்துக்கொண்டு இறங்கியவளிடம் "ரெப்போன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். டீச்சர் வாட்ஸப்ல வந்ததுன்னு எழுதிக் குடுத்தாங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது, டீச்சரையும்தான். காலை வழிபாட்டுச் செயல்பாடுகள் என்று குறள், பழமொழி, பொது அறிவு, நீதிக்கதை, செய்தி எல்லாம் ஒரே தொகுப்பாக ஆசிரியர் குழுக்களில் தினமும் விடியற்காலையிலேயே வந்து விழுவது உங்களுக்குத் தெரியும். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவதற்கும் பாடத்துக்கும் நடுவில் அது ஒரு பெரிய ஒத்தாசை.

ஆனால் அன்றைக்கு அந்தப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மூன்றாவது நாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து இரண்டு இரண்டு பாட்டில் சுமந்து வந்திருந்தார்கள். மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிய வேண்டிய சேதி ஒன்றுதான்: மோட்டார் எப்போது வரும்? அது அந்த ஐந்தில் இல்லை.

அன்று சாயங்காலம் ஹெச்.எம். அனுமதியோடு அந்தப் பெண்ணையும் அவள் தோழி ஒருத்தியையும் அவரிடமே அனுப்பினேன். மோட்டார் காயில் எரிந்துவிட்டது, ரீவைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறது, வியாழக்கிழமை வந்துவிடும் என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தாவது செய்தியாக அதை வாசித்தார்கள். நான்கு வரி. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. மோட்டார் வந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் திங்கள் காலையில் அவள் வாசித்தாள்: "வியாழக்கிழமை வரும் என்று தலைமை ஆசிரியர் தெரிவித்த மோட்டார் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது." பள்ளிக்கூடமே சிரித்தது. ஹெச்.எம்.மும் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் ஆசிரியர் இல்லை. சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் பதினேழு வருடம் எடிட்டராக இருந்தேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்தேன். இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங்கில் பிழைப்பு ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பீரியடுக்கு அந்தப் பள்ளிக்குப் போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு, பேட்டி எடுப்பது, வெட்டி ஒட்டுவது என்று எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது; டீ உண்டு. அங்கே கண்டதை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பள்ளிகளில் வீடியோ இல்லாமல் இல்லை. மாணவர் சேர்க்கை நேரத்தில் ரீல்ஸ், ஆண்டு விழா, சுதந்திர தின நடனம், சாதனை மாணவர் பேட்டி என்று வருடம் முழுக்க எடுக்கிறீர்கள். நல்ல காரியம்தான், அரசுப் பள்ளியைப் பற்றி நல்லதாக நாலு வீடியோ ஊரில் சுற்றட்டும். ஆனால் அதிலெல்லாம் பிள்ளைகள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள். கேமராவைப் பிடித்திருப்பது ஆசிரியர், இல்லாவிட்டால் ஊர் ஸ்டூடியோக்காரர். எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே வெட்டுவது என்று ஒரு பிள்ளையையும் யாரும் கேட்பதில்லை. வேலையின் ருசியே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டு போனில் கைன்மாஸ்டர், இன்ஷாட் என்று வீடியோ வெட்டி ஒட்டும் செயலிகள் தெரியும். பாட்டுக்கு வாயசைத்து, ஸ்லோமோஷன் போட்டு, ஸ்டேட்டஸ் வைக்கத் தெரியும். நான் போன முதல் நாள் ஒரு பையன் எனக்கே ஒரு ட்ரான்சிஷன், அதாவது ஒரு காட்சியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் உத்தி, சொல்லிக்கொடுத்தான். விரல் வேலையில் அவர்கள் என்னைவிடக் கெட்டி. அதனால் நான் முதல் இரண்டு மாதம் கேமராவைக் கையில் கொடுக்கவே இல்லை. வெறும் சத்தம்தான்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, படம் சுமாராக இருந்தாலும் பார்த்துவிடலாம், சத்தம் சரியில்லாவிட்டால் யாரும் அரை நிமிடம்கூட உட்கார மாட்டார்கள். தொலைக்காட்சியில் ரிப்போர்ட்டர் கொண்டுவரும் பைட்டில், அதாவது பேட்டித் துண்டில், காற்று இரைச்சல் இருந்தால் எடிட்டர் தலையில் அடித்துக்கொள்வதை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டாவது, கேமராவை நீட்டினால் பிள்ளைகள் போஸ் கொடுக்கிறார்கள், மைக்கை நீட்டினால் பேசுகிறார்கள்.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் வகுப்பறையைப் பதிவு செய்யச் சொன்னேன். பேசக் கூடாது, சும்மா பதிவு செய்யணும். பிறகு ஒவ்வொருவராக ஹெட்போனில் கேட்டார்கள். ஒரு பையன் கேட்டுவிட்டு மேலே பார்த்தான். மின்விசிறி. பள்ளி திறந்ததிலிருந்து அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான், அது டக்டக்கென்று அடித்துக்கொள்வது அவன் காதில் விழுந்ததே இல்லை. "சார், நம்ம கிளாஸ் இம்புட்டு சத்தமாவா இருக்கு?" என்றான். எங்கள் தொழிலில் இதை ஆம்பியன்ஸ் என்போம். நீங்கள் இருக்கும் இடத்துக்கென்று ஒரு சத்தம் எப்போதும் இருக்கும், காது அதைக் கழித்துவிட்டுக் கேட்கிறது, மைக்குக்கு அப்படிக் கழிக்கத் தெரியாது.

அப்புறம் பதிவு செய்ய ஓர் இடம் தேடினோம். வகுப்பறை ஆகாது: சிமெண்டுத் தரை, வெறும் சுவர், பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி எதிரொலி. ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் இரைச்சல். மரத்தடியில் காக்கா. கடைசியில் பிள்ளைகள் கண்டுபிடித்த இடம் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கும் அறை. மூன்று பக்கமும் மூட்டை, கீழே சாக்கு. உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் அப்படியே அமுங்குகிறது. நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்து சுவரில் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். இங்கே அரிசி அந்த வேலையைச் செய்தது. சாவி சமையல் செய்யும் அம்மாவிடம். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு திறந்துவிடுவார்.

கருவி என்று பார்த்தால், ஒரு பழைய ஸ்மார்ட்போன், சிம் இல்லாமல். நானூறு ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு வயர் காலர் மைக். காதை மூடும் ஹெட்போன் ஒன்று. போன் ஹெச்.எம். பீரோவில் இருக்கும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோட்டில் கையெழுத்து. பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை யாரும் மாற்ற வேண்டியதில்லை. வெட்டி ஒட்ட ஹைடெக் லேப் இருக்கிறது. தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு அந்த ஆய்வகம் கொடுத்தபோது உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினி என்று கணக்கு. அதில் கனமான வீடியோ எடிட்டிங் போட்டால் திணறும். ஆனால் ஒலிக்கு ஆடாசிட்டி போதும். 2000-லிருந்து இருக்கிற இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். நிறுவுவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். தேர்வு இல்லாத நாளில் அந்த அறை பூட்டித்தானே கிடக்கிறது?

சரி, இதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

முதலாவது, பஸ். நாலரை மணிக்கு வர வேண்டிய டவுன் பஸ் தினமும் லேட் என்று நாலு பேர் ஒரு செய்தி எழுதிக்கொண்டு வந்தார்கள். "அரசு கவனிக்குமா?" என்று கடைசி வரி வேறு. எங்கே பிடித்தார்களோ அந்த வரியை! "தினமும்னா எத்தனை நாள்?" என்றேன். "எல்லா நாளும் சார்." "எவ்வளவு லேட்டு?" "ரொம்ப லேட்டு சார்." ஒரு நோட்டைக் கொடுத்து ஆறு நாள் நிறுத்தத்தில் நின்று நேரம் குறிக்கச் சொன்னேன். ஆறு நாளில் மூன்று நாள் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. இரண்டு நாள் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதம். ஒரு நாள் வரவே இல்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "சார், செய்தியே போச்சே" என்றான் ஒருவன். பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: "போகலையே. ஒரு நாள் வரவே இல்லைல்ல? அதான் செய்தி." அன்றைக்கு அதே நிறுத்தத்தில் இரண்டு பேர் ஆறு மணி வரை நின்று, கடைசியில் எலுமிச்சை ஏற்றிப் போன லோடு ஆட்டோவில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைப் பேட்டி எடுத்தார்கள். "தினமும்" என்ற சொல்லை அந்தப் பெண்ணே அடித்தாள். பத்தாம் வகுப்புத் தமிழில் நாளிதழ் ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஒன்று வரும். அதை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் இவர்களும். ஒரு சொல்லை உண்மையில்லை என்பதற்காக அடித்தது அவர்கள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும்.

இரண்டாவது சம்பவம் எனக்கே கொஞ்சம் சங்கடமானது. ஏனென்றால் தப்பு பாதி என்னுடையது.

அக்டோபர் வாக்கில் பெரியம்மாவைப் பேட்டி எடுத்தார்கள். காலையில் எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை பேருக்குச் சமைக்கிறார் என்று நல்ல கேள்விகள். நடுவில் அவர் சொன்னார்: "போன மழைக்கு இந்த ரூம் ஒழுகி ரெண்டு மூட்டை அரிசி வண்டு வச்சிருச்சு. அதை அப்பவே கொட்டியாச்சு. இப்ப தளத்தைச் சரி பண்ணிட்டாங்க, அரிசி நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் தெனமும் பொறுக்கிப் பாத்துத்தான் உலையில போடுதேன்."

ஒரு பைட் இருபது விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று நான் விதி வைத்திருந்தேன். தொலைக்காட்சிப் பழக்கம். எடிட் செய்த பையன் கெட்டிக்காரன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். இருபது விநாடிக்குள் அடக்க நடுவில் இரண்டு வாக்கியத்தை எடுத்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினான். "ரெண்டு மூட்டை அரிசி வண்டு வச்சிருச்சு. இருந்தாலும் தெனமும் பொறுக்கிப் பாத்துத்தான் உலையில போடுதேன்." வெட்டிய இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான கட். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஒரு நொடி.

சாவி கொடுக்க வந்த பெரியம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"நான் பேசுனதுதான். ஆனா நான் சொன்னது இது இல்லையே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு வடிக்க உலை வச்சா, என் வேலைக்கே உலை வச்சிருவிய போலிருக்கே" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பையன் முகம் செத்துப்போய்விட்டது. நல்ல வேளை, அது வகுப்பறைக்குள் இருந்தது. வழிபாட்டுக் கூட்டத்தில் போயிருந்தால், அல்லது யாராவது ஒருவர் போனில் ஏறி ஊருக்குள் போயிருந்தால்? முப்பது வருடமாக விடியலில் வந்து அடுப்பு பற்றவைக்கிற மனுஷி.

அன்று பாடத்தை விட்டுவிட்டேன். அந்த முழுப் பதிவையும் எல்லாருக்கும் கொடுத்து, குழுவுக்கு ஒன்றாக வேண்டுமென்றே மூன்று விதமாக வெட்டச் சொன்னேன். ஒன்றில் அரிசி மோசம், ஒன்றில் எல்லாம் பிரமாதம், ஒன்றில் பெரியம்மா சொன்ன பொருள் மாறாமல். மூன்றாவதுதான் கஷ்டம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அது இருபத்தாறு விநாடி வந்தது. விதியை மாற்றினோம். வெட்டியதைப் பேசியவரிடம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுவது என்றும் ஒரு விதி சேர்ந்தது. தொலைக்காட்சியில் பதினேழு வருடத்தில் நான் யாரிடமும் போட்டுக் காட்டியதில்லை. நேரம் இருந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வீட்டில் பார்த்த வாட்ஸப் வீடியோ ஒன்றைப் பற்றிச் சொன்னாள். யாரோ ஒரு தலைவர் ஏதோ மோசமாகப் பேசியதாக வந்தது. "சார், அதுல பின்னாடி ஹாரன் சத்தம் வந்துக்கிட்டே இருக்கு, திடீர்னு நின்னு போகுது, அப்புறம் திரும்ப வருது. நடுவுல வெட்டியிருக்காங்க சார். எங்க அப்பாகிட்ட சொன்னேன், நம்ப மாட்டேங்காங்க." போலிச் செய்தியை நம்பாதே என்று எத்தனை உறுதிமொழி எடுத்தாலும் இது வராது. தன் கையால் வெட்டிப் பார்த்த காதுக்குத்தான் அடுத்தவன் வெட்டியது கேட்கும்.

ஆகவே இதை யூடியூபர் தயாரிக்கும் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோர் சிலர் கேட்கிறார்கள், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ வேலை கிடைக்கும், அதற்கும் இப்போது போட்டி. பிளஸ் டூவுக்குப் பிறகு விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படிப்பு, தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரி என்று போக நினைப்பவர்கள் போகலாம். என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். அதில் ஒருவரோ இருவரோ அந்தப் பக்கம் போனாலே அதிகம். மற்றவர்கள் நர்ஸாகவோ, டிரைவராகவோ, விவசாயம் பார்ப்பவராகவோ ஆவார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

உலகத்தில் இது புதுசு ஒன்றும் இல்லை. ஜப்பானில் பள்ளிகளில் ஒலிபரப்புக் கழகம் என்று மாணவர் அமைப்பு சர்வசாதாரணம். மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளே பள்ளி ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நடத்துவார்கள். அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு போட்டியை 1954-இல் தொடங்கி நடத்திவருகிறது. செய்தி வாசிப்பு, இலக்கிய வாசிப்பு, வானொலி விவரணம், நாடகம் என்று தனித்தனிப் பிரிவு. நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு எத்தனையோ அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கேமரா முன்னால் நின்று பாடம் நடத்தப் பழகியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம். மாதந்தோறும் சிறார் படம் திரையிடுகிறீர்கள். தேன்சிட்டு இதழ் வருகிறது, பிள்ளைகள் எழுதியதை அதற்கு அனுப்பலாம். எல்லாப் பள்ளியிலும் மைக் செட் இருக்கிறது, கரகரப்போடு.

இனி, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம்.

போன வருடம் நான் இன்னொரு பள்ளிக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். அங்கே மூன்று பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஒலிச் செய்தி செய்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் இடைவேளையில் பாதிப் பேர் போவதே இல்லை, தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர்கள் குரலிலேயே. நான் கேட்ட மாணவர் செய்திகளில் அதுதான் ஆகச் சிறந்தது. தலைமை ஆசிரியர் கேட்டார். ஒன்றும் கோபப்படவில்லை. "பரீட்சை வருதுல்லா, அப்புறம் பாத்துக்கிடலாம் சார்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. அது வெளியே போனால் மேலிருந்து போன் வரும், ஊர் வாட்ஸப் குழுவில் பள்ளியின் பெயர் நாறும், பதில் சொல்ல வேண்டியது அவர் ஒருவர். ஆனால் என்னிடமும் ஒரு தப்பு உண்டு. அந்தப் பெண்களை முதலில் அவரிடம் அனுப்பியிருக்க வேண்டும், அவருடைய பைட் இல்லாமல் அந்தச் செய்தி முடிந்திருக்கக் கூடாது. "நிதி கேட்டிருக்கிறேன்" என்றோ, "எனக்கு இதுவரை தெரியாது, திங்கட்கிழமைக்குள் போட்டுத் தருகிறேன்" என்றோ ஏதாவது சொல்லியிருப்பார். மோட்டார் விஷயத்தில் நடந்தது அதுதான். குறை சொல்லப்படுபவரிடம் பதில் வாங்காமல் செய்தியை முடிக்கக் கூடாது என்பதை இப்போது முதல் வாரமே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அது பாதுகாப்பு. தாழ்ப்பாள் நூறு ரூபாய் பெறுமா?

வெளியே போவதைப் பற்றி நான் உங்களைவிடக் கண்டிப்பு. யூடியூப், இன்ஸ்டா எதிலும் ஏற்றுவதில்லை. வழிபாட்டுக் கூட்டம், ஆண்டு விழா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், அவ்வளவுதான். கேட்க ஆள் இருக்கிறது, அது போதும். வருட ஆரம்பத்தில் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது துன்பத்துக்கு ஆளான சேதி என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் பெயர் மட்டுமில்லை, பள்ளி எது என்பதைக்கூட ஊடகத்தில் வெளியிடத் தடை போடுகின்றன. அப்படி ஒன்று பிள்ளைகள் காதுக்கு வந்தால் மைக்கை அணைத்துவிட்டு நேரே உங்களிடம் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். பத்தாம் வகுப்பை நான் கேட்கவில்லை. அதன் ரிசல்டை வைத்துத்தான் உங்களை எடை போடுகிறார்கள் என்று தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட், நாற்பது நிமிடம். கணக்கு சார் கடன் வாங்கிப் போகிற பி.டி. பீரியடைத் தொடாதீர்கள், அது பாவம் ஏற்கெனவே மெலிந்து கிடக்கிறது. நூலகப் பீரியட் சரியாக இருக்கும். அங்கே நாளிதழ் இருக்கிறது, ஓரளவு அமைதி இருக்கிறது. சொல்லிக்கொடுக்க என்னை மாதிரி ஆள் வேண்டுமென்றால், உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆடி, மார்கழியில் அவருக்கு வேலை இருக்காது.

அதுவும் முடியாதென்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சமுதாய வானொலி நிலையங்களுக்கு மத்திய அரசு ஒரு விதி வைத்திருக்கிறது: நிகழ்ச்சியில் 50 சதவீதமாவது அந்த வட்டார மக்களின் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு கேட்கவில்லை. ஐந்தில் ஒன்று. வாட்ஸப்பில் வருகிற நான்கு செய்தி அப்படியே இருக்கட்டும், ஐந்தாவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்து, தாங்களே எழுதி வாசிக்கட்டும். நிதானமாக வாசித்தால் தமிழில் ஒரு நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும், அதனால் அரை நிமிடத்துக்கு ஐம்பது சொல் போதும். நூலகத்துக்கு எத்தனை புதுப் புத்தகம் வந்தது, எந்தத் தெருவில் வெறிநாய், யார் வீட்டுக் கன்று காணாமல் போய்க் கிடைத்தது, கபடியில் ஏன் தோற்றோம். முதல் மாதம் அசடாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளியில் ஒரு வாரம் முழுக்க நாய்ச் செய்தியாகவே வந்தது.

இந்த ஜூனில் புது ஒன்பதாம் வகுப்பு வந்திருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை மின்விசிறிச் சத்தம் கேட்டார்கள், இரண்டாவது வெள்ளிக்கிழமை அரிசி அறையைக் காட்டினேன். பெரியம்மா சாவியோடு கூடவே உள்ளே வந்தார், போன வருடம் இப்படி வந்ததில்லை. ஒரு பெண் காலர் மைக்கைக் குத்தத் தெரியாமல் முழித்தபோது அவரே வாங்கித் தன் சேலை மடிப்பில் மாட்டிக்கொண்டார். "பேசுததுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்புடுதேன்," என்றார் புதுப் பிள்ளைகளிடம். "வெட்டுனதுக்கப்புறம் எனக்குப் போட்டுக் காட்டணும். பழைய பிள்ளைய காட்டுவாவ."

அன்புடன்,
ஒரு பழைய எடிட்டர்,
புளியங்குடிப் பக்கம்.